குளித்துவிட்டுத் தொடவேண்டிய ரவுட்டர்

சாமி விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சரோஜா சொன்னால் நீளமாக இருக்கும். எங்கள் வீட்டுக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் முதலில் பூஜை அறைக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குச் சேரவேண்டும். மிக்ஸி போயிருக்கிறது. கேஸ் அடுப்பு போயிருக்கிறது. வாஷிங் மெஷின் மட்டும் பூஜை அறை வாசலில் நுழையவில்லை. அதனால் முருகன் படத்தை வெளியே எடுத்துவந்து மெஷினுக்குக் காட்டினோம். (சிரிக்காதீர்கள். இன்றுவரை ஒரு ரிப்பேர் கிடையாது.)

திண்டிவனத்தில் வீட்டை ஒட்டியே எனக்கு மாவு மில். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. மோட்டார் சத்தத்தை வைத்தே பெல்ட் தளர்ந்திருப்பதைச் சொல்லிவிடுவேன். மாவைத் தொட்டே கேப்பை காய்ந்த பதத்தைச் சொல்லுவேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் வீட்டுக்கு ரவுட்டர் வாங்கும் பொறுப்பை நான்தான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. நானாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நெட்டு வந்த புதிதில் அதற்கு இரண்டே வாய்தான். ஒன்று என் போன், இன்னொன்று மகள் கோமதியின் போன். பிறகு டிவி கேட்டது. மில்லில் மாட்டிய கேமராக்கள் கேட்டன. சரோஜாவின் போன், கோமதியின் லேப்டாப் என்று வரிசை நீண்டது. கோமதிக்குத் தோழி ஒருத்தி பரிசாகக் கொடுத்த பல்பு கூட வைஃபை வேண்டும் என்றது. எரிவதற்குக் கரண்டு போதாதா என்று கேட்டேன். பாட்டுக்குத் தகுந்த மாதிரி நிறம் மாறுமாம். எங்கள் வீட்டில் காலையில் ஓடுவது கந்தன் பாட்டு ஒன்றுதான். அதற்குப் பல்பு பச்சையாகவே நின்றது.

இவற்றுக்கு மேல் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் என் மச்சான், சரோஜாவின் தம்பி ஏழுமலை. அவன் குடும்பம் முழுக்க எங்கள் நெட்டில்தான் இருந்தது. தண்ணீர் கேட்டால் கொடுக்கிறோம், பாஸ்வேர்டு கேட்டால் மட்டும் இல்லை என்பதா என்பது என் கட்சி. மில்லில் அரைக்க வந்து வரிசையில் காத்திருக்கும் பெண்களுக்கும் கொடுத்தேன். மாவை வாங்கிய பிறகும் சிலர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். என் மில்லுக்கு நல்ல காற்றோட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

லைன் கொடுத்த ஆள் இலவசமாக வைத்துவிட்டுப் போன சின்ன டப்பாதான் இத்தனை வாய்க்கும் ஊட்டிக்கொண்டிருந்தது. நாளாக நாளாக அதற்கு மூச்சு வாங்கியது.

அந்த நேரத்தில்தான் கோமதிக்கு இன்டர்வியூ வந்தது. அவள் பி.காம். முடித்து, விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்திருந்தாள். அதற்கு முன் ஒரு கம்பெனி லேப்டாப் வழியாக அவளைக் கேள்வி கேட்டபோது பாதியில் படம் அப்படியே நின்றுவிட்டது. வாய் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி நின்றது. அவர்கள் அதோடு போனவர்கள்தான். அன்றைக்கு அவள் அழவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். என் மில்லில் போட்டால் கூட அவ்வளவு பொடியாக வராது.

இப்போது சென்னையில் வேறொரு கம்பெனி. முன் சுற்றுகளில் தேறி, கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தாள். வேலை கிடைத்தால் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். எங்கள் தெருவில் போன் சிக்னல் வந்து வந்து போகும், ஆகவே அதை நம்ப முடியாது. வீட்டு நெட்டு நிற்கக்கூடாது. அவ்வளவுதான் அவள் கேட்டது. ஆன்லைனில் தானே ரவுட்டர் போட்டுவிடுவதாகவும் சொன்னாள்.

"கரண்டுல ஓடுற பொருள நேர்ல பாத்துதாம்மா வாங்கணும். நாளைக்கு ஓடலன்னா யார் சட்டையப் புடிக்கிறது?" என்றேன்.

"சரிப்பா. ஆனா ஆன்டெனா கொம்பப் பாத்து வாங்கிக்கினு வந்துடாத. எவ்ளோ டிவைஸ் தாங்கும்னு மட்டும் கேளு."

விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போகும் சாலையில் ஒரு கடை. கடைக்காரர் நல்ல மனிதர். வீட்டில் எத்தனை டிவைஸ் ஓடும் என்று கேட்டார். விரல் விட்டு எண்ணினேன். ஏழுமலை வீட்டுக்கு வந்தபோது விரல் தீர்ந்துவிட்டது. அவர் நாலு கொம்பு வைத்த ஒன்றை எடுத்து வைத்து, ஊரே வந்து குந்தினாலும் தாங்கும் என்றார்.

பக்கத்தில் இன்னொன்று இருந்தது. கறுப்பு உடம்பு, நடுவில் சிவப்புக் கோடு. ஆறு கொம்பு.

"அதுல ஆறு இருக்குதே?"

"ஆறு இருக்குது சார். உள்ள சரக்கு கம்மி. கொம்பு சும்மா ஷோவுக்கு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் பெயர் ஆறுமுகம். நான் கும்பிடுவது ஆறுமுகனை. நான் தேடி வந்த நாளில் ஆறோடு ஒருத்தர் வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். இதைப் போய் ஷோ என்கிறாரே என்று கடைக்காரர் மேல் லேசாகக் கோபம் கூட வந்தது. (விலையும் கொஞ்சம் குறைவு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.)

அவர் பெருமூச்சு விட்டுப் பில் போட்டார். நடு வீட்டில் உயரமாக, திறந்த இடத்தில் வையுங்கள், சுற்றி இரும்பு பித்தளை எதுவும் இருக்கக் கூடாது என்று சொன்னார். அதில் உயரம் என்பது மட்டும் என் காதில் தங்கியது.

பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மயிலம் பக்கம் வந்தபோது மலை இருக்கும் திசையைப் பார்த்து அதைத் தூக்கிக் காட்டினேன். ஜன்னலுக்கு வெளியே வீசப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

வீட்டில் கோமதி டப்பாவைப் பிரித்து, கொம்புகளை எண்ணி, என்னைப் பார்த்தாள்.

"கொம்பப் பாக்காதன்னு சொன்னனேப்பா."

"கொம்ப யாரும்மா பாத்தது? நான் முகத்தப் பாத்தேன்."

ஆறு கொம்புக்கும் சந்தனம் வைத்தேன், சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழம் சுற்றி, கற்பூரம் காட்டினேன். கற்பூரம் காட்டிய பிறகு அதை ஹாலில், செருப்பு கிடக்கும் வாசலுக்கு நேராக வைக்க எனக்கு மனம் வரவில்லை. பூஜை அறையிலேயே, முருகனுக்குப் பின்னால் நிற்கும் பித்தளைத் திருவாசியை ஒட்டி, இரும்பு ரேக்கின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். உயரமான இடம்தானே! லைன் வயரை அந்தப்பக்கத்து ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து, படங்களுக்குப் பின்னால் சுற்றி, ஆணி அடித்து இறுக்கினேன். வைஃபைக்கு வைத்த பெயர் 'ஓம் முருகா துணை'. கோமதி எல்லாவற்றையும் ஓட வைத்தாள். பிறகு தன் மேசையைப் பூஜை அறை வாசலுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அங்கே மட்டும்தான் சிக்னல் நன்றாக வந்தது.

ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. எங்கள் பூஜை அறைக்குள் குளிக்காமல் போகக்கூடாது. ஆகவே நெட்டு நின்றால் யாராவது குளிக்கவேண்டும். பெரும்பாலும் நான். சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ஏழுமலை குரல் கொடுப்பான், "மாமா, நெட்டு வர்ல. குளிச்சிட்டுப் போயி கொஞ்சம் பாருங்க." உள்ளே போய் வயரை ஒருமுறை அசைத்துக் கும்பிடுவேன், தானாக வந்துவிடும். அந்த வாரம் நான் குளித்த குளியலை ஆடி மாதத்தில் கூடக் குளித்ததில்லை.

இன்டர்வியூ நாள் வந்தது. விடியற்காலையில் சரோஜா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோமதி வீட்டுக்குத் தூரம் என்றாள்.

எங்கள் வீட்டில் அந்த நாட்களில் பெண்கள் பூஜை அறைப் பக்கம் வரமாட்டார்கள். கதவையும் சாத்தி வைப்போம். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று நான் கேட்டதில்லை. கேட்கவேண்டிய அவசியம் எனக்கு எப்போது வந்தது? ஆம்பிளைதானே. சரோஜா கதவைச் சாத்தினாள். கோமதி மேசையைக் கடைசி அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஹால், சமையல்கட்டு, சாத்திய கதவு, பித்தளைத் திருவாசி, இரும்பு ரேக். போதாததற்கு ஏழுமலை வீட்டில் அன்று காது குத்து. வந்த விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் காப்பியோடு எங்கள் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தான்.

நான் மில்லில் கேப்பை அரைத்துக்கொண்டிருந்தேன். சரோஜா வாசலில் வந்து நின்றாள்.

"என்னாங்க, நெட்டு நின்னு போச்சாம். பொண்ணு மூஞ்சி சரியில்ல. அந்த டப்பாவுல கைவெக்க எனக்குப் பயம். ஜல்தி வாங்க."

ஓடினேன். கோமதி கடைசி அறை வாசலில், இன்டர்வியூவுக்காக இஸ்திரி போட்ட சுடிதாரில் நின்றிருந்தாள். நேரம் நெருங்கிவிட்டது, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடவேண்டும் என்றாள். நான் தலைமுதல் கால்வரை மாவாக இருந்தேன்.

"ரெண்டே சொம்பும்மா," என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்கு ஓடினேன். பின்னால் அவள் "அய்யோ அப்பா" என்றது கேட்டது.

ஈர வேட்டியோடு, மேலே ஒன்றும் இல்லாமல், அவசரத்திலும் நெற்றி நிறைய விபூதியோடு உள்ளே போனேன். கோமதி ஹாலின் அந்தக் கோடியில் நின்று, பின்பக்கம் பவர் பட்டன் இருக்கும், ஒருமுறை அமுக்கி அணைத்து மறுபடி போடு, வேறு எதையும் தொடாதே என்று சொன்னாள். பின்பக்கம் தடவினேன். பட்டன் இல்லை. ஒரு வாரமாக நான் வைத்த சந்தனம் காய்ந்து அங்கே ஒரு மேடு கட்டியிருந்தது. அதைச் சுரண்டியபோது ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. உள்ளே ஏதோ இருந்தது. பட்டன் இதற்குள்தான் அமுங்கிக் கிடக்கிறது என்று முடிவு செய்தேன். விரல் போகவில்லை. குச்சி ஏதாவது வேண்டும். சுற்றிப் பார்த்தேன். முருகன் கையில் வெள்ளி வேல், நுனி ஊசி மாதிரி.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எடுத்தேன். ஓட்டைக்குள் விட்டு அழுத்தி, நல்லபடியாக ஓடட்டும் என்று சரவணபவ சொல்லி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டேன்.

"பண்ட்டேம்மா."

"லைட்டு அணைஞ்சிதாப்பா?"

"எல்லாம் ஒண்ணா கண்ண சிமிட்டுது."

கோமதி ஹாலில் இரண்டடி முன்னால் வந்தாள்.

"எல்லாமா? அப்பா, நீ எத்தால அமுக்குன?"

"வேலால."

கோமதி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் அமுக்கியது பட்டன் இல்லை. ரவுட்டர் தன் பெயர், பாஸ்வேர்டு, லைன் கம்பெனி கொடுத்த எழுத்துகள் எல்லாவற்றையும் மறந்து, அன்று பிறந்த குழந்தையாகிவிடும் ஓட்டை அது. லேப்டாப்பை அதோடு குட்டி வயரில் சேர்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிக்கொடுக்கவேண்டுமாம். டப்பாவில் வந்த வயர் இரண்டு முழம்தான். சரி, ரவுட்டரையே வெளியே கொண்டு வருவோம் என்று லைன் வயரை இழுத்தேன். நான் இறுக்கிய இறுக்கில் திருவாசியும் முருகனும் சேர்ந்து ஆடினார்கள். பயந்து விட்டுவிட்டேன்.

திரும்பினால் கோமதி லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நிலைப்படிக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். உள்ளே வரட்டுமா என்று அவள் கேட்கவில்லை. வெண்டைக்காய் நறுக்கிய அன்று இருந்த அதே முகம்.

நான் முருகனைப் பார்த்தேன். வேலை நான் எடுத்துவிட்டதால் அவர் கை வெறுமனே முன்னால் நீட்டியபடி இருந்தது. யாரையோ வா என்று கூப்பிடுகிற மாதிரி.

"உள்ள வாம்மா," என்றேன்.

"என்னாங்க..." என்றாள் சரோஜா.

"அவரே கூப்புடறாரு. நடுவுல நீ யாரு, நான் யாரு?"

கோமதி அம்மாவைப் பார்த்தாள். சரோஜா சமையல்கட்டுக்குப் போய் மணைப்பலகையை எடுத்துவந்து, முருகனுக்கு முன்னால் போட்டாள். போட்டதோடு, முந்தானையால் ஒருமுறை துடைத்தும் விட்டாள்.

எழுத்துகளைத் தட்டி முடித்தபோது இன்டர்வியூ நேரம் வந்தேவிட்டது. இடம் மாற நேரமில்லை. பின்னால் முருகன், தலைக்கு மேல் ஆறு கொம்பு, நடுவில் கோமதி. நான் டிவியை அணைத்துவிட்டு, ஏழுமலை வீட்டுக்கு ஓடிப்போய் எல்லோரும் போனை அணையுங்கள் என்று கெஞ்சினேன். காது குத்து விருந்தாளிகள் என் கோலத்தைப் பார்த்துப் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"எங்க மாமா நெட்டு? அது போயி ரொம்ப நேரமாச்சு. உங்க பாஸ்வேர்ட வாங்கவே மாட்டேங்குது," என்றான் ஏழுமலை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரவுட்டர் எல்லோரையும் மறந்துவிட்டது. ஏழுமலை வீட்டை, கேமராவை, பல்பை, மில்லில் உட்கார்ந்திருந்த பெண்களை, எல்லோரையும். பழைய பாஸ்வேர்டைத் திரும்பப் போட கோமதிக்கு நேரம் இருக்கவில்லை, ஆகவே அந்த நேரத்தில் அதற்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். உள்ளே சரக்கு குறைவாக இருந்தாலும், ஒரே ஒரு வாய்க்கு ஊட்ட அதனால் முடிந்தது. வேல் எதற்காக அந்த ஓட்டைக்குள் போனது என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது. கோமதி இதை ஒத்துக்கொள்ளமாட்டாள்.

திரும்பிவந்து கதவோரம் ஒளிந்து நின்றேன். திரையில் ஒரு அம்மாளும் ஒரு ஐயாவும். எல்லாம் இங்கிலீஷ். நெருக்கடியில் எதையாவது சமாளித்தது உண்டா என்று கேட்டார்களாம். கோமதி பதில் சொன்னாள். எனக்குப் புரிந்தது "ஃபாதர்", "ரவுட்டர்", "முருகா" இவ்வளவுதான். அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னால் இந்த வேலையும் போயிற்று என்றே நினைத்தேன்.

"அப்பா, உன்னப் பாக்கணுமாம்."

போகாமல் இருந்திருக்கலாம். சட்டை போட்டுக்கொண்டாவது போயிருக்கலாம். பெரியவர்கள் கூப்பிடுகிறார்கள் என்று அப்படியே போய் நின்றேன். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் யாரோ ஒருவன் தெரிந்தான். ஈர வேட்டி, வெறும் உடம்பு, விபூதிப் பட்டை, இரண்டு சொம்புத் தண்ணீருக்கு மசியாத மாவு புருவத்தில், கையில் வேல். யார் இந்தச் சாமியாடி என்று நினைத்தேன். பிறகு அவனும் நானும் ஒரே நேரத்தில் கைகூப்பினோம். குனிந்து கும்பிட்டதில் வேல் நுனி கேமராவுக்கு நேராகப் போய்விட்டது. சென்னையில் இருந்த அந்த ஐயா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அந்த அம்மாள்தான் தமிழில் பேசினார்.

"ஐயா, மொதல்ல அதக் கீழ வைங்க. வேலை குடுத்துடறோம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். பத்து நாள் கழித்து உண்மையாகவே வேலை வந்தது. முதல் சம்பளத்தில் கோமதி எனக்கு வாங்கிக் கொடுத்தது சட்டை. வீட்டில் இருக்கும்போது போட்டுக்கொள்ள என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

விழுப்புரம் கடைக்காரரிடம் திரும்பப் போய் நாலு கொம்பையே வாங்கிவந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது. அது இப்போது நடு ஹாலில் உயரமாக, சுற்றி ஒன்றும் இல்லாமல் இருக்கிறது. ஏழுமலைக்கும் மில்லுக்கும் தனியாக வேறு பெயரில் பிரித்து விட்டிருக்கிறாள் கோமதி. நெட்டு நிற்பதே இல்லை. அவளுடைய ஆபீஸ் கூட்டங்களில் யாருக்காவது படம் நின்றுபோனால், அப்பாவை வேலோடு அனுப்பட்டுமா என்று அவளைக் கேட்கிறார்களாம்.

அடுத்த மாதம் அந்த நாள் வந்தபோது கோமதி பழக்கத்தில் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு கடைசி அறைக்கு நடந்தாள். சரோஜா அரிசி களைந்தபடியே, "அங்க எங்க போற? கதவு தொறந்துதான் கெடக்குது," என்றாள். அதற்கு மேல் இந்த விஷயத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. கதவைச் சாத்துவதும் இல்லை.

ஆறு கொம்புக்காரர் இன்னும் பூஜை அறையில்தான் இருக்கிறார். கற்பூரம் காட்டியவரைப் பழைய சாமான்காரனிடம் எப்படிப் போடுவது? வயர் இல்லை, விளக்கு எரியாது, ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் ஆறு கொம்புக்கும் சந்தனம் உண்டு. வைப்பவள் கோமதி. போன வெள்ளிக்கிழமை நான் மில்லில் இருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ஏழுமலை, நெட்டு நன்றாக ஓடுகிற நாளிலும் விடாமல் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டான்.

"மாமா, குளிச்சிட்டீங்களா?"

பூஜை அறையிலிருந்து கோமதிதான் பதில் சொன்னாள்.

"அப்பா மாவோட நிக்கிறாரு மாமா. உள்ள நான் இருக்கேன்."